கடைச் சம்பளத்தில் பாக்கி கேட்டுப் போனபோது தெரிந்துகொண்டவை

சென்னையில் ரங்கநாதன் தெருவிலோ உஸ்மான் ரோட்டிலோ புரசைவாக்கத்திலோ ஒரு பெரிய கடையில் சேல்ஸுக்குச் சேரும்போது சம்பளத்தை ஒரே தொகையாகத்தான் சொல்வார்கள். "தங்க இடம், மூணு வேளை சாப்பாடு, கையில இவ்வளவு." அடிப்படை எவ்வளவு, அகவிலைப்படி எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு இந்தப் பணம், எட்டு மணி தாண்டினால் என்ன கணக்கு என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. ஊரிலிருந்து பையோடு வந்து நிற்கிறவர் அதைக் கேட்கும் நிலையிலும் இருப்பதில்லை. அப்படிச் சேர்ந்து, சில வருடம் நின்று, பிறகு பாக்கி கேட்டு மனுப் போட்டு, கேட்டதில் பாதிக்கும் குறைவான தொகைக்குச் சமரசம் ஆகி வெளியே வந்தவன் நான். பணம் குறைந்ததைவிட, அந்தக் காலம் முழுக்க விவரம் தெரிந்த ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல் போனதுதான் இன்னும் வலிக்கிறது. ஒரே செக்‌ஷனில் நின்றவர்கள் போனை எடுக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும். அடுத்துக் கேட்கப் போகிறவருக்கு இது கையில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். சட்டத்தில் நம் பக்கம் நிறையவே இருக்கிறது. ஆனால் அதை மணிக்கணக்காகவும் காகிதமாகவும் மாற்றி, வேலையில் இருக்கும்போதே, வாயைத் திறப்பதற்கு முன்பே சேர்த்து வைத்தவருக்குத்தான் அது உதவுகிறது.

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் தொழில் வாரியாக அரசாணையில் நிர்ணயிக்கப்படுகிறது. கடைகளும் வணிக நிறுவனங்களும் அந்தப் பட்டியலில் உண்டு. அதற்குள் ஒவ்வொரு பணிக்கும் தனித் தொகை. பில்லிங்கில் இருப்பவருக்கும் பேக்கிங்கில் இருப்பவருக்கும் ஒரே தொகை என்று எண்ணிவிடக் கூடாது. தொகைக்கு இரண்டு பாகம். அடிப்படை ஊதியம் அரசாணையில் இருப்பது, அடுத்த திருத்தம் வரும்வரை மாறாது. அகவிலைப்படி சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை வைத்து ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் மாறும். நிறைய கடைகளில் வருடாவருடம் "இன்கிரிமெண்ட்" என்று கொடுக்கிற இருநூறு முந்நூறு, சட்டப்படி ஏற வேண்டிய அகவிலைப்படியைவிடக் குறைவாகவே இருக்கும். நமக்குச் சம்பளம் கூடியதாகத் தோன்றும், நிலுவையும் கூடவே வளர்ந்துகொண்டிருக்கும். தொழிலாளர் துறையின் இணையதளத்தில் அந்தந்த ஆண்டுக்கான தொகை கிடைக்கும். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் நேரில் கேட்டாலும் பட்டியலில் எந்தப் பணிக்கான தொகை உங்களுக்குப் பொருந்தும் என்று சொல்வார்கள். மெட்ரோவில் டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கினால் பக்கம்தான். நடப்பு ஆண்டுத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். பாக்கி எந்த மாதங்களுக்கோ, அந்த ஆண்டுகளின் தொகைதான் மனுவுக்குத் தேவை.

இரண்டாவது, வேலை நேரம். பெரிய பணம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைமையும் சேர்த்து நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி தாண்டக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு விகிதம். ஒரு உதாரணத்துக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் பணிக்கு அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 500. அதை 8-ஆல் வகுத்தால் மணிக்கு 62 ரூபாய் 50 காசு. இரட்டிப்பாக்கினால் 125. காலை 9.30-க்குக் கடைக்குள் போய் இரவு 9.30-க்கு வெளியே வருகிறீர்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போகட்டும். மீதி 11 மணி நேரம் வேலை, அதில் 3 மணி கூடுதல். மாதம் 26 நாளுக்கு 78 மணி நேரம். 78-ஐ 125-ஆல் பெருக்கினால் 9,750 ரூபாய். கையில் 11,000 தருகிறார்கள் என்றால் அடிப்படையில் குறைவது 2,000தான், ஓவர்டைமில் குறைவதோ 9,750. இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு 11,750, ஆறு மாதத்துக்கு 70,500. கடையில் எல்லோரும் "ஆயிரம், ரெண்டாயிரம் கூட்டிக் கொடுங்க அண்ணாச்சி" என்றுதான் கேட்கிறோம். அதைக் கேட்டால் அடுத்த மாதம் ஐந்நூறு கூட்டிவிட்டு வாயை அடைத்துவிடலாம். ஓவர்டைம் கணக்கைக் கேட்டால் அப்படி அடைக்க முடியாது. அதனால்தான் அந்தப் பேச்சு எடுத்ததுமே மேனேஜரின் குரல் மாறுகிறது.

விடுமுறையும் பணம்தான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக ஆண்டுக்கு 9 நாள் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும், இல்லையென்றால் அந்த நாள் சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். ஒரு வருடம் முடித்தவருக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பு, அதோடு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு. ஆடித் தள்ளுபடி தொடங்கி தீபாவளி முடியும்வரை வார விடுமுறைகூட இல்லாமல் ஓட்டுகிற கடைகளில் இந்த நாட்கள் ஒன்றும் கணக்கில் வருவதில்லை. உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-இல் சட்டத் திருத்தம் வந்ததே, அதுவும் இதே கடைகள் சட்டத்தில்தான் இருக்கிறது. காலில் நரம்பு சுருண்டு நிற்கிற அக்காமார்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் பாக்கி மனுவில் அதைக் கலக்க வேண்டாம், தனிப் புகாராகக் கொடுங்கள்.

அடுத்து, பிடித்தங்கள். பத்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அரை நாள் சம்பளம், ஸ்டாக் எடுக்கும்போது சரக்கு குறைந்தால் அந்த செக்‌ஷனில் நின்ற எல்லோர் தலையிலும் "ஷார்ட்டேஜ்", போன் பார்த்ததற்கு அபராதம், சீருடைக்கு ஒரு தொகை, ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் ஒரு தொகை. இவற்றில் சிலதுக்குச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் வரம்போடு. வராத நேரத்துக்குத் தகுந்த அளவுதான் பிடிக்கலாம், பத்து நிமிடத்துக்கு அரை நாள் பிடிக்க முடியாது. அபராதம் அந்தச் சம்பள காலத்து ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தவணையாகப் பிடிக்கக் கூடாது, 90 நாளுக்குப் பிறகு பிடிக்கக் கூடாது, போடுவதற்கு முன் உங்களை விளக்கம் கேட்க வேண்டும். சரக்கு இழப்புக்கும் அப்படித்தான். இழப்பு உங்கள் கவனக்குறைவால் என்று காட்டி, உங்கள் பதிலைக் கேட்ட பிறகே பிடிக்க முடியும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஹாஸ்டல் கொடுத்திருக்கிறோமே, அதன் மதிப்பையும் சேர்த்தால் சம்பளம் சரியாகிவிடும் என்று விசாரணையில் சொல்வார்கள். தங்குமிடத்தின் மதிப்பு ஊதியத்தில் சேராது. வாடகையாகப் பிடிப்பதானால் அது சம்பளச் சீட்டில் தனி வரியாக இருக்க வேண்டும். அதனால்தான் சீட்டு கேட்டு வாங்குவது முக்கியம், அதைத் தர வேண்டியது அவர்கள் கடமை.

இன்னொரு வழக்கமும் பரவலாக உண்டு. வங்கிக் கணக்கில் சட்டப்படி சரியான தொகையைப் போட்டுவிட்டு, அன்றைக்கே ஏ.டி.எம்.மில் எடுத்து வந்து மிச்சத்தைக் கையில் திருப்பிக் கொடுக்கச் சொல்வது. வங்கிப் பதிவில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், மனுப் போட்டால் அதையே எடுத்துக் காட்டுவார்கள். இதை உடைக்க ஒரே வழி, எல்லோருடைய கணக்கிலும் சம்பள நாளன்றே ஒரே மாதிரித் தொகை ரொக்கமாக எடுக்கப்பட்டிருப்பதைக் காட்டுவது. ஒருவர் அறிக்கை மட்டும் இருந்தால் அது அவர் சொந்தச் செலவு என்று சொல்லிவிடலாம். நான்கு பேர் அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. முடிந்தவர்கள் திருப்பிக் கொடுக்கும் தொகையை யு.பி.ஐ.யில் அனுப்பப் பாருங்கள். பெரும்பாலும் மறுப்பார்கள், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

இனி காகிதம். பாக்கி கேட்டு மனுப் போட்டால், சம்பளம் முழுதாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பைச் சட்டம் முதலாளி மேல்தான் வைக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதவு இருக்கிறது. நீங்கள் அங்கே வேலை பார்த்தீர்கள், இந்தப் பணி பார்த்தீர்கள், இத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். "இவர் எங்கள் ஆளே இல்லை, தீபாவளிக்கு மட்டும் வந்தவர்" என்று எதிர்மனுவில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது வயிறு எரியும். அதற்குப் பதில் ஆவணம்தான். அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள், வேலையை விட்டு அனுப்பும் நாளில் முதலில் பிடுங்குவது அதைத்தான். ஃப்ளோர் சூப்பர்வைசர் டியூட்டி போடுகிற வாட்ஸ்அப் குரூப்பை ஏற்றுமதி செய்து வேறொரு இடத்தில் சேமியுங்கள். குரூப்பிலிருந்து நீக்கிவிட்டால் அதன் பிறகு வருவது எதுவும் உங்களுக்குத் தெரியாது. போன் மாற்றினால் பழையதும் போய்விடும். பஞ்ச் மெஷினில் உங்கள் பெயரும் நேரமும் திரையில் வரும் என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை படம் எடுங்கள். ஒரு சின்ன நோட்டில் தினமும் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டுக்கு விட்ட நேரம் எழுதுங்கள். ஒரே நாளில் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய நோட்டுக்கு மதிப்புக் கிடையாது. பேனாவும் கையெழுத்தும் மாறி மாறி, நடுநடுவே மழை, ஸ்டாக் எடுப்பு, கஸ்டமர் தகராறு என்று எழுதியிருக்கிற நோட்டைத்தான் நம்புவார்கள்.

கடையின் சட்டப்பூர்வமான பெயர் என்ன என்பதும் இப்போதே தெரிந்திருக்க வேண்டும். போர்டில் ஒரு பெயர், சம்பளம் போடுகிற நிறுவனம் இன்னொன்று, ஆள் எடுக்கிற கான்ட்ராக்டர் மூன்றாவது என்று இருக்கும். போர்டுப் பெயரை மட்டும் எழுதி மனுப் போட்டால் "அப்படி ஒரு நிறுவனமே இல்லை" என்று பதில் வந்து, திருத்த மனு, புது நோட்டீஸ் என்று மாதங்கள் ஓடும். கடை பில்லை எடுத்துப் பாருங்கள், ஜி.எஸ்.டி. எண்ணோடு நிறுவனத்தின் உண்மையான பெயரும் முகவரியும் இருக்கும். வங்கி அறிக்கையில் சம்பளம் வந்த வரியிலும், பி.எஃப். பாஸ்புக்கின் தலைப்பிலும் வருகிற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் வேறு வேறாக இருந்தால் மூன்று பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். கான்ட்ராக்டர் சம்பளம் தரவில்லை என்றால் யாருடைய இடத்தில் வேலை பார்த்தீர்களோ அந்த நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி ஆட்களுக்கு இது உயிர்நாடியான விஷயம்.

பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) இரண்டையும் தனியாகச் சொல்ல வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற கடையில் பி.எஃப். கட்டாயம். உங்கள் பங்கு 12 சதவீதம், அவர்கள் பங்கு 12 சதவீதம். அவர்கள் பங்கில் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகும். யு.ஏ.என். என்கிற உங்கள் நிரந்தர பி.எஃப். எண் செயல்பாட்டில் இருந்து உங்கள் போன் எண் அதில் பதிவாகியிருந்தால் 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். அரசின் உமங் செயலியில் மாத வாரியாகப் பார்க்கலாம். அங்கே பார்க்க வேண்டியது இருப்பைவிட, எந்தத் தொகைக்குப் பங்கு கட்டியிருக்கிறார்கள் என்பதை. 13,000-க்குக் கட்ட வேண்டிய இடத்தில் 8,000 காட்டியிருந்தால், குறைகிற 5,000-க்கு 24 சதவீதம் என்று பி.எஃப்., பென்ஷன் இரண்டுமாகச் சேர்ந்து மாதம் 1,200 ரூபாய் உங்கள் பெயரில் கட்டப்படாமல் நிற்கிறது. சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமலே விட்டிருந்தால் இன்னும் மோசம், ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் பி.எஃப். அலுவலகத்தில் புகார் கொடுங்கள். இணையத்திலும் புகார் பதியலாம், எண் தருவார்கள். இ.எஸ்.ஐ. 10 பேர் இருந்தாலே பொருந்தும், மாதச் சம்பளம் 21,000 வரை. உங்களிடம் 0.75 சதவீதம், அவர்களிடம் 3.25 சதவீதம். 13,000-க்கு உங்கள் பங்கு நூறு ரூபாய்கூட வராது. அதைக் கட்டியிருந்தால் அயனாவரத்திலோ கே.கே. நகரிலோ குடும்பத்தோடு இலவச சிகிச்சை உண்டு. கட்டாமல் விட்டதால் ஒரு டெங்குக் காய்ச்சலுக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் வட்டிக்கு வாங்கிக் கட்டுகிற குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் அந்த நூறு ரூபாயின் அருமை தெரிகிறது. இந்த இரண்டு பதிவுக்கும் இன்னொரு பயன் உண்டு. நீங்கள் எந்தத் தேதியில் யாரிடம் வேலைக்குச் சேர்ந்தீர்கள் என்று அரசாங்கப் பதிவேட்டிலேயே இருக்கும், யாராலும் மறுக்க முடியாது. போனஸும் இதோடு சேர்த்துக் கணக்கில் கொள்ளுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடத்தில், ஆண்டில் 30 நாள் வேலை பார்த்த, 21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் போனஸ். தீபாவளிக்குக் கொடுக்கிற ஸ்வீட் பாக்ஸும் கூப்பனும் அதற்கு ஈடாகாது.

இவ்வளவும் சேர்ந்த பிறகு கேளுங்கள். தனியாகப் போய் கேபினில் நின்று கேட்காதீர்கள். இரண்டு மூன்று பேராவது கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும். யார், எந்தப் பணி, எந்த மாதத்திலிருந்து, எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது, வித்தியாசம் எவ்வளவு, எத்தனை நாளில் தர வேண்டும். கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம், பின்னால் அதைக் காட்டித்தான் ஒழுங்கு நடவடிக்கை என்பார்கள். நேரில் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு அத்தாட்சி தர மாட்டார்கள். எனவே தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், கவுண்டரில் ரிஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி அத்தாட்சியும் வேண்டும் என்று சொல்லிக் கட்டணம் கட்ட வேண்டும். ரசீதைப் போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த மை சீக்கிரமே மங்கிவிடும்.

கடிதம் போன வாரத்தில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி பயம் குறையும். முதலில் அன்பாகப் பேசுவார்கள், "நம்ம கடை தம்பி, வீட்டுப் பிள்ளை மாதிரி" என்பார்கள். பிறகு கூடக் கையெழுத்துப் போட்டவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் கூட்டுவார்கள். இன்னொருவருடைய ஊருக்கு, அப்பாவுக்குப் போன் போகும். அது ரொம்பக் கஷ்டமான நாள், வீட்டிலேயே "எதுக்குப்பா வம்பு" என்று கேட்பார்கள். அதன் பிறகு வண்ணாரப்பேட்டைக் கிளைக்கு, குடோனுக்கு என்று மாற்றல். கடைசியில், "எழுதிக் கொடுத்துட்டு கணக்கை முடிச்சுக்கோ." இங்கேதான் நிற்க வேண்டும். சொந்த விருப்பத்தில் விலகுகிறேன் என்று எழுதித் தராதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஏதாவது ஒன்றில் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்று உட்கார வைத்தால், பக்கத்தில் தேதியும் "படிக்க விடவில்லை" அல்லது "ஆட்சேபணையுடன்" என்றும் எழுதிவிடுங்கள். கோபித்துக்கொண்டு வேலைக்குப் போகாமல் இருப்பது அவர்களுக்கு நாமே கொடுக்கிற பரிசு, "தானாக நின்றுவிட்டார்" என்று முடித்துவிடுவார்கள். வாசலில் தடுத்தால் வாசலோடு ஒரு போட்டோ எடுத்து, அன்றைக்கே "இன்று காலை வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று ஈமெயிலும் தபாலும் அனுப்புங்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது என்று கடைகள் சட்டம் 41-ஆம் பிரிவு சொல்கிறது. நீக்கிய உத்தரவை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்த 30 நாள், பாக்கி மனுவின் கெடுவிலிருந்து வேறானது. ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு ஒன்று. வேலை போகிற அன்றைக்கே அறையையும் காலி செய்யச் சொல்வார்கள். எனவே கடிதம் போடுவதற்கு முன்பே சான்றிதழ்கள், ஆதார், பாஸ்புக் எல்லாவற்றையும் வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள், ஒரு மாதம் தங்க இடமும் பார்த்து வையுங்கள்.

தொழிலாளர் துறைக்குப் போகும்போது இரண்டு விதமான மனு இருப்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று புகார். அதன் மேல் ஆய்வாளர் கடைக்கு வந்து பதிவேடுகளைப் பார்ப்பார். அவர் வருகிற நேரத்தில் ரிஜிஸ்டரில் எல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கும், முதலாளி பக்கத்தில் நிற்கும்போது யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். குறை கண்டுபிடித்தாலும் கடைக்கு அபராதம் வரலாமே தவிர, உங்கள் பாக்கி தானாகக் கைக்கு வராது. இன்னொன்று, கேட்புமனு. அதாவது எனக்கு வர வேண்டிய வித்தியாசத் தொகையையும் இழப்பீட்டையும் தர உத்தரவிட வேண்டும் என்று அதிகாரம் பெற்ற அலுவலர் முன் போடுகிற வழக்கு. புகார் கொடுத்துவிட்டு அதுதான் வழக்கு என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் ஏராளம். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தில் கேட்புமனுவுக்குக் கெடு 6 மாதம்தான் இருந்தது. அதற்கு முந்தைய மாதங்கள் தாமதத்துக்குக் காரணம் காட்டினால் ஒழிய கரைந்துபோகும். அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பில் அது 3 ஆண்டாக நீண்டிருக்கிறது. ஆனாலும் அந்தத் தேதிக்கு முந்தைய மாதங்களுக்குப் பழைய கெடுதான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடத்தான் செய்வார். அதனால் 3 ஆண்டு இருக்கிறதே என்று தள்ளிப் போடாதீர்கள். வித்தியாசத் தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்க அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது, எனவே இழப்பீட்டையும் மனுவில் எழுத்தாகக் கேளுங்கள். பல பேர் சேர்ந்து ஒரே மனுவாகப் போடலாம். பதிவு பெற்ற சங்கமும் தன் உறுப்பினருக்காகப் போடலாம்.

மனுவின் உயிர் அதோடு இணைக்கிற அட்டவணைதான். மாதம், வேலை பார்த்த நாள், வர வேண்டிய அடிப்படையும் அகவிலைப்படியும், கூடுதல் நேரம், அதற்கான தொகை, விடுமுறை நாள் வேலை, கொடுத்த தொகை, வித்தியாசம். மாதத்துக்கு ஒரு வரி. கூட்டல் தவறு ஒன்று இருந்தாலும் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துக்கொண்டு முழுக் கணக்கும் பொய் என்பார்கள், எனவே இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபாருங்கள். அலுவலருக்கு ஒரு பிரதி, ஒவ்வொரு எதிர்மனுதாரருக்கும் ஒரு பிரதி, உங்களுக்கு ஒன்று. உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். நகர்வே இல்லை என்றால் 1100 என்ற போன் எண்ணில் அரசின் "முதல்வரின் முகவரி" புகார்ப் பிரிவில் பதிந்தால் அதற்கு ஒரு எண் வரும், கோப்பு கொஞ்சம் அசையும். ஆய்வாளர் வந்து என்ன எழுதினார் என்று தெரிய 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி தகவல் உரிமை மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும்.

விசாரணைதான் ஆளைத் தேய்ப்பது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. நாம் புது வேலையில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, பஸ் பிடித்துப் போய் உட்கார்ந்திருப்போம், அந்தப் பக்கத்து வக்கீல் வந்து இரண்டு நிமிடத்தில் அடுத்த தேதி வாங்கிப் போவார். நாம் ஒரு தேதிக்கு வராவிட்டால் மனு தள்ளுபடி ஆகலாம். என் சேமிப்பு அப்படித்தான் கரைந்தது, தூக்கமும் போனது. இது சோர்ந்து விட்டுவிட வைக்கும் வழி என்று தெரிந்திருந்தால் மனசு இவ்வளவு உடைந்திருக்காது. ஒவ்வொரு தேதியிலும் வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுங்கள், அவர்கள் வராத நாளைக் குறித்து வையுங்கள், தொடர்ந்து தள்ளினால் வாய்தா கொடுக்க எதிர்ப்பை எழுத்தில் கொடுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்றால் உயர் நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக் குழு இருக்கிறது, 15100 என்ற போன் எண்ணிலும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. ஆனால் என் அனுபவத்தில் இந்த மாதிரி வழக்குக்கு நாள்பட்ட சங்கக்காரர் ஒருவர் பக்கத்தில் இருப்பது பெரிய பலம். அலுவலர் முன் சங்க நிர்வாகியே உங்களுக்காக ஆஜராகலாம். சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச. என்று எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் அலுவலகம் உண்டு. 1918-இல் பெரம்பூரில் பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. அந்த ஊரில் கடைத் தொழிலாளி தனியாக வந்து வாய்தா வாங்கிப் போவதைப் பார்க்கும்போது ஆதங்கமாகத்தான் இருக்கிறது. மனுப் போட்ட பிறகு சங்கத்தைத் தேடுவதைவிட, கடிதம் எழுதும்போதே உறுப்பினராகிவிடுவது நல்லது.

"இந்த ரிஜிஸ்டரில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே?" குறுக்கு விசாரணையில் கட்டாயம் வருகிற கேள்வி. ஆம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும். கையெழுத்து என்னுடையது, போடும்போது தொகை எழுதியிருக்கவில்லை, இத்தனை மணி வேலைக்குக் கொடுத்தது இவ்வளவுதான் என்று முழுதாகச் சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்கிற பட்சத்தில். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வாங்கிக்கொள்கிறேன் என்று நாமே எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. இதைத் தெரிந்துகொண்டால் அந்தப் பேப்பரைக் காட்டும்போது கை நடுங்காது.

நடுவில் சமரசம் பேச வருவார்கள், பெரும்பாலும் நாம் மிகவும் தளர்ந்திருக்கிற சமயம் பார்த்து. ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு நிலைமை. நான் ஏற்றேன், வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏற்பதானால் அலுவலர் முன்னால் பதிவு செய்யுங்கள், வெளியே டீக்கடையில் ரொக்கம் வாங்கிக்கொண்டு மனுவை வாபஸ் வாங்காதீர்கள். பணம் கணக்கில் வந்த பிறகே கையெழுத்து. "எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற வரிக்குள் பி.எஃப்., பணிக்கொடை (கிராஜுவிட்டி), போனஸ் எல்லாம் அடங்கிவிடும்படி எழுதியிருப்பார்கள். ஐந்து வருடம் முடித்திருந்தால் பணிக்கொடை தனிப் பணம், கடைசி ஊதியத்தை 26-ஆல் வகுத்து 15-ஆலும் வருடங்களாலும் பெருக்க வேண்டும். அந்த வரியில் "குறைந்தபட்ச ஊதிய வித்தியாசம், கூடுதல் நேர ஊதியம் ஆகியவற்றுக்கு மட்டும்" என்று சேர்க்கச் சொல்லுங்கள். உத்தரவு வரை போய் வென்றவர்களுக்கும் வேலை மிச்சமிருக்கிறது. கெடு தேதிக்குள் கட்டவில்லை என்றால் அதே அலுவலரிடம் வசூல் சான்று கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சான்று மாவட்ட ஆட்சியருக்குப் போகும், நில வரி பாக்கியைப் போல வசூலிப்பார்கள். சான்று போனதற்கான எண்ணையும் தேதியையும் வாங்கிக்கொண்டு ஆட்சியர் அலுவலகத்தில் எந்தப் பிரிவுக்கு, எந்த வட்டாட்சியருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டு, கடையின் வங்கிக் கணக்கு எண்ணையும் கிளையையும் எழுத்தில் கொடுங்கள். அந்த எண் கடை கொடுத்த காசோலை நகலில் இருக்கும்.